புகைக்கூட்டில் இறுகிய விறகுத் தார்: எப்படி எடுப்பது, எதைச் செய்யக்கூடாது

மாரியின் முதல் பெருமழை முடிந்ததும் சுன்னாகம் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில், குசினியின் பின்சுவரில் ஒரு கோடு இறங்கியிருக்கும். புகைக்கூடு கூரையைச் சந்திக்கும் இடத்தில் தொடங்கி, தேத்தண்ணிச் சாயம்போல மண்ணிறமாக ஒழுகி, காய்ந்தபின் கறுத்துவிடும். விரலால் தொட்டால் ஒட்டும். கருகிய மரமும் தாரும் கலந்த ஒரு நெடி வரும். பலர் இதைக் கூரை ஒழுக்கு என்று எண்ணி ஓட்டை மாற்றுவார்கள். ஒழுகுவது மழைத்தண்ணீர்தான். ஆனால் அது கரைத்துக்கொண்டு வருவது, வருடக்கணக்காகப் புகைக்கூட்டின் உட்சுவரில் படிந்து இறுகிய விறகுத் தாரை. கிரியோசோட் என்று இதற்குப் பெயர்.

இந்தப் பேச்சு இப்போது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: எங்கள் அடுப்படிகள் ஒரு பெரிய இடைவெளிக்குப் பிறகு மறுபடி புகையத் தொடங்கியவை. 2021 ஒக்ரோபர் வரை 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர், 2022 ஏப்ரல் முடிவில் 4,860 ரூபாவானது. காசு இருந்தவர்களுக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. காஸ் அடுப்பு வந்த நாளில் இருந்து சாமான் அடுக்கும் மேடையாகிப்போன விறகடுப்பைத் துடைத்துவிட்டு மூட்டியவர்கள் ஏராளம். காஸ் திரும்பி வந்தபின்னும் சோறு, கறி காஸில், நெல் அவிப்பதும் குளிக்கத் தண்ணீர் கொதிக்கவைப்பதும் விறகில் என்று பல வீடுகளில் பழக்கம் நிலைத்துவிட்டது. அடுப்பைத் துடைத்தோம், மேலே இருந்த புகைக்கூட்டுக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அவற்றில் சில, 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே வெளிக்கிட்டுப் போனதற்கு முன்பு கட்டப்பட்டவை. பழைய தார், குருவிக்கூடு, செல்லடியில் விழுந்த வெடிப்பு எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும்.

தார் எங்கிருந்து வருகிறது

விறகு சூடாகும்போது அதிலிருந்து ஆவியும் வாயுவும் கிளம்புகின்றன. சுவாலை நன்றாக எரிந்தால் அவையும் எரிந்துவிடும். சுவாலை இல்லாமல் புகைந்துகொண்டிருந்தால் எரியாத ஆவி மேலே போகும். போகிற வழியில் ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்குக் குறைந்த சுவரில் பட்டால் அது குளிர்ந்து படியும். குளிர்நாட்டுப் பிரச்சினை என்று இதை ஒதுக்க முடியாது. யாழ்ப்பாணத்து வெயில் எவ்வளவு கொடியதென்றாலும் சுவரை 120 பாகைக்குச் சூடாக்காது. தவிர, எங்கள் புகைக்கூடுகள் அகலமானவை. திறந்த அடுப்பின் மேல் கவிழ்த்த கூடாரம்போல இருக்கும் பகுதி வழியாகக் குசினிக் காற்றும் சேர்ந்து உள்ளே போவதால் புகை சீக்கிரம் ஆறி, மெதுவாக ஏறும். பொரியல் எண்ணெயின் ஆவியும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

படிவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. முதல் நிலையில் அது பொருபொருத்த கரி. தும்புத்தடியால் தட்டினாலே கொட்டும். அடுத்த நிலையில் மினுங்கும் கறுப்புச் செதில். கம்பி பிரஷ்ஷுக்குக் கழரும். மூன்றாவது நிலையில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சூடேறி உருகி இறுகி, கறுத்த கண்ணாடி பூசியதுபோல இருக்கும். பிரஷ் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஆபத்து இந்த மூன்றாவதில்தான். இது எரிபொருள். கீழிருந்து ஒரு சுவாலையோ தீப்பொறியோ பற்றினால் கூட்டுக்குள்ளேயே எரியத் தொடங்கும். வெப்பம் 1,000 பாகையைத் தாண்டலாம். சீமெந்துக் கல்லும் சாந்தும் அந்தச் சூட்டுக்குக் கட்டப்பட்டவையல்ல. வெடிப்பு வழியாக நெருப்பு வெளியே வந்தால் அருகில் இருப்பது பனஞ்சலாகையும் கைமரமும்.

முதலில் பாருங்கள்

அடுப்பு அணைந்து ஒரு முழு நாளாவது ஆறியிருக்க வேண்டும். ஒரு முகக்கண்ணாடியைக் கூட்டின் கீழே சாய்த்துப் பிடித்து, ரோர்ச் அடித்தால் உள்ளே தெரியும். கைத்தொலைபேசியைத் தடியில் கட்டி வீடியோ எடுப்பதும் நல்ல வழி. ஒரு ஆணியால் சுவரைக் கீறிப் பாருங்கள். படிவு 3 மில்லிமீற்றர் அளவுக்கு வந்துவிட்டால் துப்புரவு செய்யவேண்டும் என்பது மேலை நாடுகளில் பின்பற்றப்படும் அளவு. மினுங்கும் கண்ணாடிப் படிவு என்றால் தடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அதை எடுக்கும்வரை பெரிய நெருப்பு மூட்டாதீர்கள்.

புகைக்கூடு எதனால் ஆனது என்பதையும் இந்த நேரத்தில் பார்த்துவிட வேண்டும். சில வீடுகளில் அஸ்பெஸ்டஸ் சீமெந்துக் குழாயை வைத்திருப்பார்கள். அதைச் சுரண்டவும் கூடாது, அறுக்கவும் கூடாது. உதிரும் நார் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயைத் தரக்கூடியது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் அப்படித்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சூட்டில் அது வெடித்துத் தெறிப்பதும் உண்டு. அந்தக் குழாயில் தார் இறுகியிருந்தால், ஈரப்படுத்தி முழுசாகக் கழற்றி, தறப்பாளில் சுற்றி அகற்றிவிட்டு வேறு குழாய் வைப்பதுதான் சரி.

கரியையும் செதிலையும் எடுப்பது

வீட்டில் நீண்டநாள் மூச்சுத் தொல்லை உள்ளவர்களையும் பிள்ளைகளையும் அன்று அயல்வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். குசினிச் சாமான்களை வெளியே எடுத்து, அடுப்பு வாயை ஈரச்சாக்கால் மூடி, நிலத்தில் தறப்பாள் விரிக்க வேண்டும். முழுக்கைச் சட்டை, தலைக்குச் சீலை, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. கொரோனாக் காலத்து மெல்லிய நீல முகக்கவசம் இதற்குக் காணாது. என்95 வகை வேண்டும்.

இவ்வளவு முன்னேற்பாடு ஏன் என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் ஒருகாலம் புகைக்கூடுகளுக்குள் சிறுவர்களை ஏற்றித்தான் கரி தட்டினார்கள். அவர்களுக்குப் பின்னாளில் விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குக் கரியே காரணம் என்று லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்சிவல் பொட் 1775இல் எழுதினார். ஒரு தொழிலால் புற்றுநோய் வருகிறது என்று காட்டப்பட்ட முதல் சம்பவம் அதுதான். அதற்குப் பிறகும் நூறு வருடம் சிறுவர்கள் ஏறினார்கள். ஜோர்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் ஒரு வைத்தியசாலையின் புகைக்கூட்டுக்குள் சிக்கி இறந்த பிறகே, 1875இல், அந்த வழக்கத்தை நிறுத்தும் சட்டம் வந்தது. புகைக்கூட்டுக் கரி இன்று புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் இருக்கிறது. சட்டிக்கரிதானே என்று வெறுங்கையால் அள்ளுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வேலைக்கு வருவோம். புகைக்கூட்டுக்கென்று தனியான பிரஷ் எங்கள் பக்கத்து ஹாட்வெயார் கடைகளில் கண்ணில் படுவதில்லை. ஒரு மரக்கட்டையின் நான்கு பக்கமும் கம்பி பிரஷ் கட்டி, கட்டையின் மேலும் கீழும் கயிறு போட்டால் போதும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்று மாறி மாறி இழுக்க வேண்டும். அயர்லாந்துக் கிராமங்களில் முள்ளிலைச் செடிக் கொப்பைக் கயிற்றில் கட்டி இதே மாதிரி இழுத்திருக்கிறார்கள். கீழிருந்து எட்டும் உயரத்துக்குக் கொக்கத்தடி இருக்கிறது; நுனியில் சத்தகத்துக்குப் பதிலாகத் தகட்டுச் சுரண்டியைக் கட்டிக்கொள்ளுங்கள். மேலே ஏறுபவர் ஏணியில் நிற்க வேண்டும். அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டில் கால் வைத்து ஊடே விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுக் கூரையும் பாரம் தாங்காது.

உச்சியில் மழைக்கு மூடிய பலகைக்கல்லின் கீழ்ப்புறத்தையும் பக்கத்துத் துவாரங்களையும் மறக்காதீர்கள். புகை கடைசியாக ஆறுவது அங்கேதான் என்பதால் தடித்த படிவு அங்கேதான் இருக்கும். கொட்டிய கரியை வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டாம். மெல்லிய தூள் அதன் வடிக்குள்ளால் வந்து குசினி முழுவதும் பரவும். உள்ளே ஒரு தணல் போனாலும் மெஷின் எரியும். லேசாகத் தண்ணீர் தெளித்து, மண்வெட்டியால் அள்ளி, உரப்பையில் கட்டுங்கள்.

கண்ணாடிபோல இறுகியது

சுலபமான பதில் இல்லாத இடம் இது. மேலை நாடுகளில் மூன்று வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, நெருப்பில் போடும் அல்லது சுவரில் விசிறும் இரசாயனம். சில வாரங்களில் தார் காய்ந்து பொரிந்துபோக, பிறகு பிரஷ் போடுவார்கள். இரண்டாவது, துளையிடும் மெஷினோடு பொருத்திய சங்கிலிகளைக் கூட்டுக்குள் சுழலவிட்டு அடித்து உடைப்பது. மூன்றாவது, காரம் கலந்த பசையைச் சுவரில் அப்பி, அது தாரை உறிஞ்சிக் காய்ந்து விழும்வரை விடுவது. மூன்றையுமே பயிற்சி பெற்றவர்கள் செய்வார்கள். ஜேர்மனியில் இருக்கும் உறவினரைக் கேட்டுப் பாருங்கள்: அங்கே புகைக்கூடு துப்புரவு செய்பவர் படித்துப் பட்டம் வாங்கிய தொழிலாளி. மாவட்டத்துக்குப் பொறுப்பானவர் ஏழு வருடத்தில் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து அடுப்பையும் கூட்டையும் பரிசோதிப்பார். வேண்டாம் என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. எங்களுக்கு அப்படியொருவர் இல்லை. மேசன் இருக்கிறார்.

இங்கே கைகொடுப்பது நேரம்தான். இறுகிய தார் சூட்டில் இளகும், குளிரில் நொறுங்கும். மத்தியானத்தில் சுரண்டினால் சுரண்டியில் ஒட்டிக்கொண்டு இழுபடும். மார்கழி, தை விடியற்காலையில், அடுப்பு இரண்டு மூன்று நாள் மூட்டாமல் இருக்கும்போது, சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டி மழுங்கிய உளியால் நெம்பினால் தகடு தகடாகக் கழரும். பொங்கலுக்கு முன் வீடு கழுவி வெள்ளையடிக்கிற நாட்கள் இதற்கு நன்றாகப் பொருந்துகின்றன. மாரி முழுவதும் ஈரவிறகு எரித்துச் சேர்த்த புதுப் படிவும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். உளியைச் சுவருக்குக் குத்தலாகப் பிடிக்காதீர்கள். தாரோடு சாந்தும் பெயர்ந்தால் புதிய வெடிப்புக்கு நீங்களே வழி செய்ததாகும்.

கை எட்டும் கூடாரப் பகுதியில், எண்ணெய்ப் பசையோடு கலந்த தாருக்குச் சலவைச் சோடா உதவும். வெந்நீரில் கரைத்து, களிமண்ணோடு குழைத்து அப்பி, ஒரு இரவு விட்டுச் சுரண்டலாம். ஒரே தடவையில் போகாது. கோஸ்டிக் சோடா இதைவிட வேகமானதுதான். ஆனால் தலைக்கு மேலே இருக்கும் சுவரில் பூசும் வேலைக்கு அதை எடுக்கவே கூடாது. ஒரு துளி கண்ணில் விழுந்தால் பார்வை போகும்.

மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தால் தார் கரையும் என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கரையும். அதன்பிறகு மூட்டும் முதல் நெருப்பில் கூடும் சேர்ந்து எரியும். காவோலையைத் திணித்துக் கொளுத்தி எரித்துவிடுவதும் அதே வகை. வேண்டுமென்றே புகைக்கூட்டுக்கு நெருப்பு வைத்துவிட்டு, அது நாங்கள் நினைத்த இடத்தில் நிற்கும் என்று நம்புவது அது. உப்பைத் தணலில் போட்டால் தார் கழன்றுவிடும் என்ற நம்பிக்கை வெளிநாடுகளிலும் இருக்கிறது. இறுகிய தாரை உப்பு அசைக்காது. தகரக் குழாய் என்றால் துருப்பிடிக்கச் செய்யும்.

கூட்டின் பாதிக்கு மேல் கண்ணாடிப் படிவும் சாந்தில் வெடிப்பும் இருந்தால், என் அபிப்பிராயம் வேறு. சுரண்டிச் சுரண்டி நாளைக் கடத்தாமல், கூரைக்கு மேலுள்ள பகுதியையாவது மேசனைக் கொண்டு இடித்துப் புதிதாகக் கட்டுங்கள். கட்டும்போது மரச்சலாகை எதுவும் கூட்டைத் தொடாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

சுரண்டியதை எங்கே போடுவது

சாம்பலை மரவள்ளிக்கும் வாழைக்கும் போட்டுப் பழகிய கை இதையும் அங்கேதான் கொண்டுபோகும். சாம்பல் வேறு, இது வேறு. சாம்பலில் இருப்பது மரத்தின் தாதுப்பொருள். இதில் இருப்பது எரியாமல் விட்ட தார். குசினித் தண்ணீர் ஓடும் வாழைப்பாத்தி பெரும்பாலும் கிணற்றில் இருந்து சில யார் தூரத்தில் இருக்கும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணக்கல். வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. மேலே ஊற்றியது வடிபடாமல் இறங்கிவிடும். ஆறு என்று பார்த்தால் மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாறு. குடிக்கவும் தோட்டத்துக்கும் கிணறுதான்.

கிணற்றில் எண்ணெய் மிதப்பது என்றால் என்ன என்று சுன்னாகத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. மின்நிலையக் கழிவு எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்த வழக்கில், உயர் நீதிமன்றம் 2019இல் நொதேர்ன் பவர் நிறுவனம் 20 மில்லியன் ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு வீட்டுப் புகைக்கூட்டில் இருந்து வரும் ஒரு பை கரி அந்த அளவில் எங்கேயும் வராது. ஆனால் அந்தப் பையின் பக்கத்தில் இருப்பது உங்கள் சொந்தக் கிணறு. மழையில் நனையாதபடி இறுக்கிக் கட்டி, பிரதேச சபைக் கழிவு வண்டிக்காரரிடம் என்னவென்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். சோடாக் கழுவலைத் தண்ணீர் விட்டு அலசி ஓடவிடாமல், பழஞ்சீலையில் துடைத்து அதே பையில் போடுங்கள். அடுப்பில் போட்டு எரிக்கவும் வேண்டாம். எடுத்த தாரை மறுபடி மேலே அனுப்புகிற வேலை அது. உடம்பில் ஒட்டியதைத் தேங்காயெண்ணெய் பூசி எடுத்துவிட்டுச் சவர்க்காரம் போடலாம். பெற்றோல் வேண்டாம்.

பற்றிக்கொண்டால்

புகைக்கூட்டுக்குள் ரயில் ஓடுவதுபோல ஓர் இரைச்சல், உச்சியில் தீப்பொறி, கூட்டுச் சுவர் கைவைக்க முடியாத சூடு. சில நேரம் சத்தமே இல்லாமல் உள்ளுக்குள் எரிந்து முடிந்துவிடும். பிறகு வெடிப்பைப் பார்த்துத்தான் தெரியும். ஆட்களை வெளியேற்றி, அடுப்பில் மணலைப் போட்டு மூடி, வாயை நனைத்த சாக்கால் அடைத்தால் காற்று குறையும். உச்சியில் இருந்து தண்ணீர் ஊற்றக்கூடாது: கொதிக்கும் சுவரில் பட்ட தண்ணீர் ஆவியாகி வெடித்துக்கொண்டு வரும், சுவரும் பிளக்கும். தண்ணீரைப் பக்கத்துக் கிடுகுக் கொட்டிலுக்கும் கூரைமரத்துக்கும் ஊற்றுங்கள். யாழ். மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவு காங்கேசன்துறை வீதியால் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் வரவேண்டும். அழைப்பை முதல் நிமிடத்தில் எடுத்துவிடுவது அதனால்தான். நெருப்பு அணைந்ததாகத் தோன்றினாலும் அந்த இரவு ஒருவர் விழித்திருந்து சலாகைகளைப் பார்க்க வேண்டும்.

விறகு

அடுத்த வருடம் இவ்வளவு சுரண்ட வேண்டி வருமா என்பதை விறகுதான் தீர்மானிக்கும். பச்சை விறகின் பாரத்தில் ஏறத்தாழ பாதி தண்ணீர். நெருப்பின் சூடு அதைக் கொதிக்கவைக்கவே செலவாகிவிடும். ஈரம் 20 வீதத்துக்குக் கீழே வரவேண்டும். பிளந்து, நிலத்தில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கம் காற்றுக்குத் திறந்து ஆறு மாதம் விட்டால் வரும். அதாவது மாசியில் பிளந்தால் ஆவணியில் எரிக்கலாம், மாரிக்குக் கூரைக்குள் போய்விடும். இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்று கேட்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். அடுப்புக்கு மேல் பரண் கட்டி விறகைக் காயவிட்ட பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நெருப்புக்கு மிக அருகில் அடுக்காதவரை அது நல்ல வழக்கம்தான்.

பொச்சுமட்டையை அளவோடு போடுங்கள். எங்கள் பக்கத்தில் புகையிலைக்குப் புகைபோட அதைத்தான் தேடி எடுப்பார்கள். நெருப்பில்லாமல் புகை மட்டும் வேண்டும் என்றால் அதற்கு நிகர் இல்லை. குளிக்கத் தண்ணீர் வைக்கும் அடுப்பில் மணிக்கணக்காக அது புகைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. சிரட்டை நன்றாக எரியும், காற்று கிடைக்கும்வரை. பழைய சிலிப்பர் கட்டை, பெயின்ற் அடித்த பலகை, மருந்தடித்த கம்பம் எதுவும் அடுப்புக்கு ஆகாது. சிலிப்பர் கட்டைகளில் ஊறவைப்பதையும் கிரியோசோட் என்றே அழைப்பார்கள். அது நிலக்கரித் தாரில் இருந்து எடுப்பது, இதைவிட மோசமானது.

நெருப்பைச் சிறிதாக, சுவாலையோடு எரியவிடுங்கள். கொள்ளியைத் திணித்துவிட்டு வேறு வேலை பார்ப்பதும், இரவு முழுவதும் தணல் கிடக்கட்டும் என்று ஈரவிறகால் மூடிவிடுவதும் தார் சேர்க்கும் வழிகள். 1980களில் அறிமுகமான அனகி மண்ணடுப்பைக் கூட்டின் கீழே வைத்தால் மூன்றுகல் அடுப்பைவிட விறகும் குறையும், புகையும் குறையும்.

துப்புரவு முடிந்தபின் முதல் நாள் ஒரு பிடி காய்ந்த ஊமலைப் போட்டுச் சிறு நெருப்பாக மூட்டுங்கள். ஒருவர் வெளியே நின்று கூட்டைச் சுற்றிப் பார்க்கட்டும். உச்சித் துவாரத்தைத் தவிர வேறு எங்கிருந்தாவது புகை கசிந்தால் அந்த இடத்தில் சோக்கால் வட்டம் போட்டுவிட்டு நெருப்பை அணையுங்கள். மேசன் வரும்வரை அடுப்பு மூட்ட வேண்டாம்.